ஸ்கேன் காட்டுவதும் ஊசி சொல்வதும்

கழுத்தில் கட்டி என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "கேன்சரா?" என்பதுதான். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை கேன்சர் அல்ல. எது எது என்று பிரித்தறிய முக்கியமாக இரண்டு வழிகள்: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. (ரத்தத்தில் டி.எஸ்.எச். ஹார்மோன் குறைந்திருந்தால் மட்டும் ஐசோடோப் ஸ்கேன் தேவைப்படும்.)

ஸ்கேன் பார்ப்பது உருவத்தை. கட்டி கெட்டியானதா, நீர் கோத்ததா? ஓரம் பிசிறடிக்கிறதா? உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் உண்டா? அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பு 2017-ல் வெளியிட்ட டைராட்ஸ் முறை இவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஐந்து படிகளாக வகுக்கிறது. ஐந்தாம் படிக் கட்டி 1 செ.மீ. இருந்தாலே ஊசி, மூன்றாம் படி என்றால் 2.5 செ.மீ. ஆகும்வரை பொறுக்கலாம். ஊசி யாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் ஸ்கேனின் பெரிய உதவி என்பேன்.

ஆனால் தேவையில்லாதவர்களுக்கெல்லாம் ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா கண்டது. 1999-க்குப் பிறகு அங்கே உடல் பரிசோதனையோடு தைராய்டு ஸ்கேனும் பரவியது. 2011-ல் கண்டறியப்பட்ட தைராய்டு கேன்சரின் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. இறப்பு விகிதமோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகளுக்காக எத்தனையோ பேர் சுரப்பியை இழந்து, தினமும் மாத்திரை விழுங்கும்படி ஆனது.

ஊசி பார்ப்பது செல்லை. எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைப்பார்கள். பத்துக்குக் குறையாத செல்கள் சேர்ந்த கொத்துகள் ஆறாவது இருந்தால்தான் பொதுவாக மாதிரி போதுமானது. முடிவை பெதெஸ்டா முறையில் 1 முதல் 6 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். பலர் 1 என்றதும் நிம்மதி அடைகிறார்கள், அது தவறு. 1 என்றால் மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். நிம்மதி தரும் எண் 2. பாப்பிலரி வகை கேன்சரை ஊசி நன்றாகவே பிடித்துவிடும். காபிக்கொட்டையின் கோடுபோல் செல்லின் கருவில் ஓடும் பள்ளம் அதன் அடையாளங்களில் ஒன்று.

ஃபாலிக்குலர் வகையில்தான் ஊசி தடுமாறுகிறது. அங்கே சாதாரணக் கட்டியின் செல்லும் கேன்சர் செல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக்குழாயையோ செல்கள் துளைத்திருந்தால்தான் கேன்சர். உதிரிச் செல்களில் அந்த உறை ஏது? இதைத்தான் பெதெஸ்டா 4 என்று எழுதுகிறார்கள். அப்போது பல நேரம் கட்டி இருக்கும் பாதிச் சுரப்பியை எடுத்து, உறையைச் சுற்றிலும் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்த பிறகே விடை கிடைக்கிறது.