வாய்ப்புற்றும் ஒரு குளோரைடு கால்வாயும்

திருவனந்தபுரம் மாவட்டத்து அம்பூரியிலோ பாறசாலையிலோ ஒரு பெட்டிக்கடை முன்னால் சற்று நேரம் நின்றால் தெரியும்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. மென்றது கன்னத்தின் உட்புறத்தில் ஒதுங்கும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒதுங்கினால் அந்த இடம் வெளுக்கும், தடிக்கும், சிலருக்குப் புற்றாகும்.

அத்தகைய புற்றுத் திசுக்களில் 11-ஆம் குரோமோசோமின் க்யூ13 பகுதி பல படிகளாகப் பெருகியிருப்பது அடிக்கடி காணப்படுகிறது. அங்கிருந்த ஒரு மரபணுவுக்கு ‘வாய்ப்புற்றில் மிகுந்து வெளிப்படுவது’ என்ற பொருளில் பெயரிட்டிருந்தார்கள். அதன் வேலை என்னவென்று அப்போது தெரியாது. 2008-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன: அது குளோரைடு அயனிகளைக் கடத்தும் கால்வாய். இன்று அதன் பெயர் ஆனோ1. நெய்யாற்று இடதுகரைப் பாசனக் கால்வாய்போல் இதற்கும் மதகு உண்டு. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் மதகு திறக்கும், குளோரைடு நகரும், நீரும் கூடவே போகும். செல்லின் பருமனும் சவ்வின் மின்னழுத்தமும் மாறும்.

இந்தக் கால்வாய்தான் புற்றை வளர்க்கிறதா? சந்தேகத்துக்கு இடமுண்டு. செல் பிரிதலைத் தூண்டும் சைக்ளின் டி1 மரபணுவும் அதே க்யூ13-இல்தான் இருக்கிறது; பெருகும்போது இரண்டும் சேர்ந்தே பெருகலாம். ஆனால் 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆனோ1 மிகுந்தபோது செல்லின் வளர்ச்சிச் சமிக்ஞை கூடியது, அதை அடக்கியபோது கட்டி மெதுவானது. ஆகவே அது வெறுமனே கூட வந்ததல்ல என்பதை ஏற்கிறேன்.

அடைத்துவிட்டால் தீர்ந்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2014-இல் வந்த ஆய்வு, மூலக்கட்டியில் மிகுந்திருக்கும் ஆனோ1 நிணநீர்க்கணுவுக்குப் பரவிய செல்களில் குறைந்திருப்பதைக் காட்டியது. வளர்ச்சியைத் தடுக்கப்போய்ப் பரவலுக்கு வழிவிட்டால் என்ன செய்வது? வேறு ஆய்வுகளோ ஆனோ1 மிகுந்தால்தான் செல்கள் நகர்கின்றன என்கின்றன. இந்த முரண் தீராதவரை மருந்துப் பேச்சு அவசரம். மேலும் இந்த மரபணு இல்லாத எலிக்குட்டிகளுக்கு மூச்சுக்குழல் சரியாக உருவாகவில்லை. பெரும்பாலானவை பிறந்த சில நாட்களில் இறந்தன. உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குடலசைவுக்கும் இதே கால்வாய் தேவை.

அடையாளமாக அது ஏற்கெனவே பயன்படுகிறது. இரைப்பை, குடலில் தோன்றும் ஸ்ட்ரோமல் கட்டியைப் பிரித்தறிய நோய்க்குறியியல் ஆய்வகங்கள் இதே புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கின்றன. வாய்ப்புற்றிலும் இந்த வழியே முதலில் நடக்க வேண்டியது என்பது என் துணிபு.

கிராமத்துக்கு இதற்குள் கிடைத்திருப்பது வேறொன்று. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வு, 1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துத் தொகுதிகளில் நடந்தது. அவற்றில் ஏழில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகப் போய் 35 வயது கடந்தவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த மரணம், பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் 34 விழுக்காடு குறைவாக இருந்தது.