ராமேஸ்வரமும் கர்தார்பூரும்

ராமேஸ்வரம் என்றால் எங்கட லயத்தில் கோயிலுக்கு முதல் ஞாபகம் வருவது கப்பல்தான். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. 'ஒப்பாரிக் கோச்சி'யில் தலைமன்னார் போய், கப்பல் ஏறி, அங்கேதான் இறங்கினார்கள். அப்பாயியின் தங்கச்சியும் அப்படிப் போனவர்தான்.

அதே ராமேஸ்வரத்தில் குரு நானக் தாம் என்ற சீக்கியக் குருத்வாரா இருக்கிறது. குரு நானக் (1469–1539) இலங்கைப் பயணத்தின்போது இங்கே தங்கினார் என்பது சீக்கிய மரபு.

அவருடைய கடைசிக் காலம் ராவி ஆற்றங்கரையில், கர்தார்பூரில் கழிந்தது. அங்கே விவசாயம் செய்தார். சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் லங்கரை வளர்த்தார். 1947 பிரிவினையில் அந்த இடம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. சீக்கியர்கள் இந்திய எல்லையில் நின்று, சுமார் நாலரை கிலோமீட்டர் தள்ளித் தெரியும் குருத்வாராவைத் தொலைநோக்கியில் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஆனால் மறக்கவில்லை. பிரிந்துபோன தலங்களுக்குத் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்ற வேண்டுதலை அன்றாடப் பிரார்த்தனையான அர்தாஸிலேயே சேர்த்தார்கள். 2019 நவம்பரில் விசா இல்லாத பாதை திறந்தது. 2025 மே மாதம் இந்தியா அதை மூடியது. வேண்டுதல் மட்டும் நிற்கவில்லை.

நாங்களும் வருசா வருசம் தோட்டத்தில் தேர் இழுக்கிறோம். கப்பலேறிப் போனவர்களுக்காக அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. தங்கச்சி இப்ப எந்த ஊரில் என்று கேட்டால், அப்பாயிக்குத் தெரியாது.