லோக்கல்ஹோஸ்ட்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும்

அடுத்த மாசம் புதுசா சேர்ற பசங்களுக்கு நான் பத்து நாள் வகுப்பு எடுக்கணுமாம். மேனேஜர் சொல்லிட்டார். பல சர்வர்ல பிரிஞ்சு ஓடுற எண்டர்பிரைஸ் அப்ளிகேஷன் எழுதுறது எப்படி, இதான் தலைப்பு. காலேஜ்ல செமினார்னாலே வயித்தைக் கலக்கும் ஆசாமி நான். இருந்தும் உடனே சரின்னுட்டேன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இதுக்கு முன்னாடி எப்படி சொல்லிக் கொடுத்தாங்கன்னு பாக்கலாமேன்னு எங்க டீம் லீட்கிட்ட கேட்டேன். 2002ல அவர் ட்ரெய்னிங் எடுத்தப்போ கொடுத்த ஸ்பைரல் பைண்டிங் நோட்டைத் தேடி எடுத்துட்டு வந்தார். ஜே2இஇ பாடம். ஓரமெல்லாம் பழுப்பு. ஆணி புடுங்குற நேரம் போக ஒரு வாரம் அதைப் படிச்சதுல, நாற்பது வருஷக் கதை ஒண்ணு கிடைச்சுது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கோங்க.

1984. ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. வேற மெஷின்ல இருக்குற ஃபங்ஷனை நம்ம புரோகிராமுக்குள்ளயே இருக்குற மாதிரி கூப்பிடுறது எப்படின்னு. ரிமோட் புரொசீஜர் கால்னு பேர். அப்போ நெட்வொர்க் புரோகிராம் எழுதுறது கைதேர்ந்தவங்க சிலருக்கு மட்டுமே வந்த வித்தை. அதை எல்லாருக்கும் சுலபமாக்கணும்கிறதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனா அந்தக் கட்டுரையிலேயே ஒரு விஷயத்தை ஒளிக்காம சொல்லியிருந்தாங்க. கூப்பிட்ட ஃபங்ஷன் ஒழுங்கா பதில் கொடுத்தா, அது ஒரே ஒரு தடவை ஓடியிருக்குன்னு அர்த்தம். பதில் வராம எரர் வந்தா? ஒரு தடவை ஓடியும் இருக்கலாம், ஓடாமலும் இருக்கலாம். எதுன்னு கூப்பிட்டவனுக்குத் தெரியாது.

இது நமக்கெல்லாம் பழக்கமான அவஸ்தைதான். கரண்ட் பில் கட்டும்போது வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். பணம் போச்சா, போகலையா? திரும்பக் கட்டலாமா, கூடாதா? அதே கேள்விதான். பரவிக் கிடக்குற சிஸ்டம் எழுதுறவன் முதல்ல கத்துக்க வேண்டியது இதைத்தான்னு நான் நினைக்கிறேன். ஆனா பாடத்துல எப்பவும் இது கடைசி அத்தியாயம். நாள் பத்தலைன்னா முதல்ல வெட்டுறதும் அதைத்தான்.

அடுத்து 1994. சன் மைக்ரோசிஸ்டம்ஸ். அந்த வருஷம் அங்கேருந்து ரெண்டு எச்சரிக்கை வந்துச்சு. நெட்வொர்க் எப்பவும் வேலை செய்யும், தாமதமே இருக்காது, இப்படி புரோகிராமர்கள் தப்பா நம்புற விஷயங்களைப் பீட்டர் டாய்ச் ஏழா பட்டியல் போட்டார். எட்டாவதை அப்புறம் சேர்த்தது ஜாவாவை உருவாக்கின ஜேம்ஸ் காஸ்லிங். இன்னொண்ணு ஜிம் வால்டோ, ஜெஃப் வயன்ட், ஆன் வோல்ராத், சாம் கெண்டல் நாலு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரை. பக்கத்துல இருக்குற ஆப்ஜெக்டும் தூரத்துல இருக்குற ஆப்ஜெக்டும் ஒண்ணுதான்னு காட்ட முயற்சி பண்ணாதீங்க, பாதி உயிரோட பாதி செத்துப் போற நிலைமை தூரத்துல இருக்குறதுக்குத்தான் வரும், அதை மூடி மறைக்க முடியாதுன்னு அதுல வாதாடியிருந்தாங்க.

இதுல ஆன் வோல்ராத் சும்மா எழுதிட்டுப் போகலை. 1997ல ஜாவா 1.1 கூட வந்த ஆர்எம்ஐ வடிவமைப்புல முக்கிய கை அவரோடது. அதுல ஒரு கட்டாயம் வெச்சாங்க. தூரத்து மெத்தட் ஒவ்வொண்ணும் ரிமோட்எக்ஸெப்ஷன் வரலாம்னு அறிவிச்சே ஆகணும். கூப்பிடுறவன் அதுக்கு ஒரு வழி பண்ணலைன்னா கம்பைலரே விடாது. அதாவது, "தம்பி, இது வெளியூர் போற லெட்டர், தொலைஞ்சா என்ன பண்ணுவே?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குற ஏற்பாடு.

நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? லீடோட நோட்டுல இருக்கு. கேட்ச் போட்டு உள்ளே ஒரே ஒரு வரி, பிரிண்ட்ஸ்டாக்ட்ரேஸ். பக்கத்துக்குப் பக்கம் அதேதான். "ஏன் சார் இப்படி?"ன்னேன். சிரிச்சார். "போர்டுல அப்படித்தாம்ப்பா எழுதிப் போட்டாங்க. சர்வர், டேட்டாபேஸ், கிளையன்ட் எல்லாம் ஒரே மெஷின்ல இருந்துச்சு. ஒரு நாள்கூட அந்த எக்ஸெப்ஷன் வரவே இல்லை."

நோட்டுல மீதிப் பக்கமெல்லாம் இஜேபி. 1998ல வந்தது. 1999 டிசம்பர்ல ஜே2இஇ 1.2ல ஒரு அங்கமாச்சு. ஹலோன்னு சொல்ல ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ்னு மூணு ஜாவா ஃபைல், மேலே ஒரு எக்ஸ்எம்எல். நெட்வொர்க், டிரான்ஸாக்ஷன், பாதுகாப்பு எல்லாத்தையும் கன்டெய்னர் பாத்துக்கும், நீ பிசினஸ் லாஜிக் மட்டும் எழுதுன்னு வாக்குறுதி. அதை நம்பி எழுதினா, ஒரு கஸ்டமர் பேரு, ஊரு, போன் நம்பர்னு பத்து விவரம் எடுக்க நெட்வொர்க்ல பத்து தடவை போய் வந்துச்சு. இதைச் சமாளிக்க செஷன் ஃபசாட், வேல்யூ ஆப்ஜெக்ட்னு பேட்டர்ன் எல்லாம் வந்து, அதுவும் பாடத்துல சேர்ந்துச்சு.

மாதிரிக்குன்னு சன் எழுதின ஜாவா பெட் ஸ்டோர் கதை இன்னும் தமாஷ். 2001ல மைக்ரோசாஃப்ட் அதையே டாட்நெட்ல எழுதி, எங்களோடது கோடும் கம்மி, வேகமும் ஜாஸ்தின்னு மார்தட்டினாங்க. அது பாடம் சொல்ல எழுதினதுப்பா, வேகத்துக்கு இல்லைன்னு ஜாவா தரப்பு பதில் சொன்னாங்க. நியாயம்தான். ஆனா பாடத்துல பாத்ததைத்தானே பசங்க ஆபீஸ்ல எழுதுவாங்க?

ராட் ஜான்சன் 2002ல இந்தச் சுமையெல்லாம் தேவையான்னு கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். அதுல இருந்த கோடுதான் வளர்ந்து 2004 மார்ச்சுல ஸ்பிரிங் 1.0 ஆச்சு. பெரிய விடுதலை, மறுக்க மாட்டேன். எனக்கு சோறு போடுறதே ஸ்பிரிங்தான். ஆனா அந்த ரிமோட்எக்ஸெப்ஷன் கட்டாயமும் கூடவே போச்சு. கம்பைலர் கேள்வி கேக்குறதை நிறுத்திடுச்சு. 2014ல ஸ்பிரிங் பூட் 1.0 வந்துச்சு, மைக்ரோசர்வீஸ்ங்கிற பேரும் அதே வருஷம்தான் பரவலாச்சு. ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி மேலே ஒரு அனொட்டேஷன் ஒட்டினா போதும், எங்கேயோ இருக்குற சர்வீஸ் பக்கத்து வீடு மாதிரி ஆயிடும். 1984க்கே திரும்பி வந்துட்டோம், அந்த எச்சரிக்கை மட்டும் இல்லாம.

நான் ட்ரெய்னிங் எடுத்தது 2019ல. நாலு சர்வீஸ், நாலும் ஒரே லேப்டாப்ல, நாலு போர்ட்ல. லோக்கல்ஹோஸ்ட்ல எதுக்குத் தாமதம் வரும், எதுக்கு அறுந்து போகும்? நல்ல மார்க்.

2020 டிசம்பர்ல ஒரு ராத்திரி. நான் எழுதின ஆர்டர் சர்வீஸ், ஸ்டாக் சர்வீஸைக் கூப்பிடும். பதில் வரலைன்னா மூணு தடவை முயற்சி பண்ணும். ரெண்டு வரி வேலை, பெருமையா எழுதியிருந்தேன். அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஸ்டாக் சர்வீஸ் வேலையை முடிச்சிருச்சு, பதில்தான் லேட். நான் திரும்பக் கூப்பிட்டேன். அது திரும்பக் குறைச்சது. ஒரு ஆர்டருக்கு மூணு பொருள் காலி. குடோன்ல சரக்கு குவிஞ்சு கிடக்கு, சைட்ல ஸ்டாக் இல்லைன்னு காட்டுது.

ராத்திரி ரெண்டு மணி காலில் திட்டு வாங்கினது நான் இல்லை. ஷிஃப்டுல இருந்த சப்போர்ட் பையன். என் பேட்ச்மேட். ஸ்டாக் எண்ணிக்கையை அவன்தான் தப்பா ஏத்திட்டான்னு சந்தேகப்பட்டாங்க. அந்த காலில் நானும் இருந்தேன், மியூட்ல. என் கோடாத்தான் இருக்கும்னு உள்ளுக்குள்ள தோணுச்சு. ஆனா நான் வாயைத் திறந்தது மறுநாள் மதியம், லாக் எல்லாம் பாத்து உறுதியான பிறகு. அவன் ஒண்ணும் சொல்லலை. "சரி விடுடா"ன்னான். அது இன்னும் உறுத்துது.

திருத்தம் என்னவோ சின்னதுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு டோக்கன் நம்பர். அதே நம்பர் ரெண்டாவது தடவை வந்தா, ஸ்டாக்கைத் தொடாம பழைய பதிலையே திருப்பிக் கொடு. ரேஷன் கடை பில் போடுறவருக்குத் தெரிஞ்ச விஷயம், மூணு மாச ட்ரெய்னிங்ல எனக்குத் தெரியாமப் போச்சு.

சரியா சொல்லித் தர்ற இடமும் இருக்கு. எம்ஐடில டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடம் எடுக்குறவர் ராபர்ட் மோரிஸ். 1988ல இன்டர்நெட்டையே முடக்கின மோரிஸ் வோர்ம் எழுதினாரே, அவரேதான்! நெட்வொர்க் எப்படியெல்லாம் கெடும்னு அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பாடத்து லேப்ல, மாணவர்கள் எழுதுற கோடை ஒரு பொய் நெட்வொர்க்ல ஓட விடுவாங்க. அது வேணும்னே மெசேஜைத் தொலைக்கும், தாமதப்படுத்தும், வரிசையை மாத்தும். அதுல தாக்குப் பிடிச்சாத்தான் பாஸ். 2020 வகுப்பு வீடியோ எல்லாம் யூடியூப்ல இலவசமா கிடைக்குது. நெட்ஃபிளிக்ஸ் இன்னும் ஒரு படி மேல. ஓடிக்கிட்டிருக்குற சர்வரையே திடீர்னு அணைக்க கேயாஸ் மங்கின்னு ஒரு புரோகிராம் எழுதி, 2012ல அதை எல்லாருக்கும் இலவசமாக் கொடுத்தாங்க.

அதனால என் பத்து நாள் திட்டத்தைத் தலைகீழாப் போட்டிருக்கேன். ஃப்ரேம்வொர்க் எல்லாம் நாலாவது நாள்தான். முதல் நாள் ரெண்டு லேப்டாப், நடுவுல ஒரு கேபிள். ஒரு பையன் பணம் அனுப்புற பட்டனை அமுக்கணும், நான் கேபிளைப் புடுங்குவேன். பணம் போச்சா, போகலையா? சாயங்காலம் வரைக்கும் அதை மட்டும் பேசுறதா இருக்கேன்.

மேனேஜர் பாத்துட்டு, "முதல் நாளே பயமுறுத்தறியே"ன்னார். லீட் மட்டும் பழைய நோட்டை என்கிட்டயே வெச்சுக்கச் சொல்லிட்டார். அதுல பிரிண்ட்ஸ்டாக்ட்ரேஸ் இருக்குற ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுக்கப் போறேன். அந்தப் பேட்ச்மேட் இப்போ வேற கம்பெனியில இருக்கான். முதல் நாள் வகுப்புல கால் மணி நேரம் வந்து பேசுடான்னு கேட்டிருக்கேன். லீவ் கிடைச்சா வர்றேன்னிருக்கான்.