படுத்தவர் பாண்டவரா?

தமிழகத்துக் குன்றுகள் பலவற்றில், கவிந்து நிற்கும் பாறைகளுக்கு அடியில், வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. யார் செய்தவை என்று கேட்டால், 'பஞ்ச பாண்டவர் படுக்கை' என்ற விடைதான் வரும். வனவாசம் வந்த ஐவரும் அங்கே துயின்றனராம்! ஒரு குன்றில் அல்ல. குன்றுக்குக் குன்று இதே கதை. நாடிழந்து காடேகிய ஐவர், இத்தனை மலைகளிலும் கல்லைக் குடைந்து படுக்கை செய்துகொண்டா உறங்கினர்? கேட்டவர் சிலர், கேளாமலே நம்பியவர் பலர்.

கதையைக் கேட்டது போதும், இனிக் கல்லைக் கேட்போம் என்று முடிவு செய்தோம். மாணவர் சிலருடன், மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில் ஒரு நாள் முழுவதும் நடந்தோம். அரிட்டாபட்டியில் தொடங்கி, மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் சென்று, அழகர்மலையின் கிடாரிப்பட்டிச் சரிவில் முடிந்தது எங்கள் நடை.

அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் அணிவகுத்து நிற்கின்றன. முட்புதரும் குறுங்காடும் சூழ்ந்த அப்பகுதியில் 72 ஏரி குளங்களும் 200 இயற்கைச் சுனைகளும் உள்ளன என்பது அரசின் கணக்கு. 250 வகைப் பறவைகள், அவற்றுள் வேகத்திற்குப் பேர்போன இராசாளி, புதரிலே தேவாங்கு, எறும்புண்ணி, மலைப்பாம்பு! 2022 ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக இவ்விடம் அறிவிக்கப்பட்டதில் வியப்பில்லை.

கழிஞ்சமலையில் ஏறினோம். அங்கே ஒரு குகை. அதன் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் பாறை வழியே உள்ளே வழியாமல், அந்தக் காடியில் தடைப்பட்டு வெளியே சொட்டுவதற்கான ஏற்பாடு. எளிய முறை, ஆனால், நீரின் போக்கை நன்கு அறிந்தவன் செய்த முறை. அங்கே, பழந்தமிழ் எழுத்தில், இக்குகையைச் செய்வித்தவன் நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்று பொறித்திருக்கிறது. குகைக்கு அவன் வழங்கும் சொல் 'முழாகை'. 'முழை' என்றும் 'முழைஞ்சு' என்றும் நம் இலக்கியங்கள் சொல்லும் அதே சொல்லின் உறவு! பீமனும் இல்லை, அருச்சுனனும் இல்லை. ஊரும் பேரும் உடைய ஒரு தமிழன் இருக்கிறான்.

நண்பகலில் மீனாட்சிபுரத்து ஓவாமலை. பாறைக்கும் பாறைக்கும் இடையே உடலை ஒடுக்கி, கை பற்றிக் கை கொடுத்து ஏறினோம். இங்கே ஆறு கல்வெட்டுகள். 1882 ஆம் ஆண்டில் இராபர்ட் சுவெல் என்ற ஆங்கிலேயர் இவற்றைக் கண்டு உலகுக்குச் சொன்னார். ஆனால், கண்டவுடன் எவரும் படித்துவிடவில்லை. அசோகன் காலத்துப் பிராமி எழுத்தை ஒத்திருக்கின்றன. எனவே, மொழியும் வடக்கே வழங்கிய பிராகிருதமாகவே இருக்கவேண்டும் என்று அறிஞர் பலர் எண்ணினர். தமிழ்நாட்டுக் குகையில் தமிழ் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழவில்லை!

1924 ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இந்த மயக்கத்தைத் தீர்த்தார். வடபுலத்துக் கல்வெட்டுகளில் காணாத எழுத்து வடிவங்கள் இக்குகைகளில் இருப்பதை எடுத்துக் காட்டினார். ழ, ள, ற, ன என்னும் தமிழுக்குரிய ஒலிகளுக்கான எழுத்துகள் அவை. மொழி தமிழே என்று நாட்டினார். 1965 ஆம் ஆண்டில் ஐராவதம் மகாதேவன் இதே மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னன் பெயரைப் படித்தறிந்தார். இவற்றின் காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு.

என்ன சொல்கிறது அந்தக் கல்? நந்தாசிரியன் என்னும் சமணத் துறவிக்கு அறமாக இந்த உறைவிடம் அமைக்கப்பட்டது என்கிறது. சமணத் துறவியர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்காதவர். ஆனால், மழைக் காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகும், நடந்தால் மிதிபடும். ஆதலால் அம்மாதங்களில் மட்டும் ஓரிடத்தில் தங்குவர். அதற்கெனச் செதுக்கப்பட்டவையே இப்படுக்கைகள். கொடுத்தவர் யார்? நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி ஒருவன். அவனோடு, வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவினரும் உண்டு.

பொழுது சாயும் வேளையில் கிடாரிப்பட்டி. காட்டைக் கடந்து மேலேறினால், ஊரே ஒதுங்கலாம் போன்ற பெருங்குகை. இங்குள்ள கல்வெட்டுகள் 13. இவற்றைப் படித்தபோதுதான் எங்கள் கால்வலி பறந்தது! மதுரைப் பொற்கொல்லன் ஆதன். உப்பு வணிகன் வியகன். கொழு வணிகன் எள சந்தன். பணித வணிகன் நெடுமலன். இவர்களோடு அறுவை வணிகன் ஒருவன். கொழு என்பது ஏர்முனை இரும்பு. அறுவை என்பது துணி. பணிதம் என்பது வெல்லப்பாகு என்பர். உப்பு விற்றவனும் ஏர்முனை விற்றவனும் தத்தம் பெயரைத் தம் தாய்மொழியில் மலையிலே பொறித்திருக்கிறார்கள்! பிறப்பைச் சொல்லிப் பெருமை தேடவில்லை. செய்யும் தொழிலைச் சொன்னார்கள். அதில் அவர்களுக்கு நாணமும் இல்லை.

இதைக் கொண்டு, அந்நாளில் தமிழர் அனைவரும் கற்றவரே என்று முழங்கிவிடலாமா? கூடாது. கல்லில் வெட்டியவன் கைவினைஞன். கொடையாளிகள் எல்லோரும் எழுதத் தெரிந்தவர்கள் என்பதற்கு இது சான்றாகாது. 'தம்மம்', 'நிகமம்' முதலிய பிராகிருதச் சொற்களும் மாங்குளத்துக் கல்லில் கலந்துள்ளன. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. இல்லாததை ஏற்றிச் சொல்வது புராணிகர் தொழில். நமக்கு அது வேண்டாம். ஆனால், படிப்பவரே இல்லாத நாட்டில் எவனும் பாறையில் தன் பெயரை வெட்டச் சொல்லமாட்டான். மேலும், மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் 'ஆதன்' என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. அன்றாடம் புழங்கும் மண்பானையில் பெயர் கீறும் அளவுக்கு எழுத்து மக்களிடையே இறங்கி வந்திருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

பிறகு என்ன நேர்ந்தது? எழுத்தின் வடிவம் மாறியது. பழைய எழுத்தைப் படிப்பார் அற்றுப் போயினர். சமணம் செல்வாக்கு இழந்தது. படுக்கைகளின் பயன் மறந்தது. வெற்றிடத்தில் புராணம் புகுந்தது. உப்பு வணிகன் உழைத்து ஈட்டிய பொருளில் செய்த அறம், அவன் அறியாத அரசகுமாரர் ஐவர் பேருக்குப் போய்விட்டது. பொய்க்கதை பொழுதுபோக்கு அல்லவா, அதனால் என்ன கேடு என்பார்க்கு இதுவே விடை. ஒரு கதை நிலைத்தது. பல மனிதரின் பெயர் மறைந்தது!

கதை மறைத்ததையாவது அறிவு மீட்டுத் தந்தது. வெடி தகர்த்தால் மீட்பது எப்படி? மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுத்தெடுக்கப்பட்ட கொடுமையை 2012 ஆம் ஆண்டில் நாடே அறிந்தது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய பெருநிலப் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் மதுரை நோக்கி நடந்தனர். அம்மாதமே ஏலம் கைவிடப்பட்டது. எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் மலையைக் காக்கத் தெரிந்திருந்தனர்!

தோழர்களே! இந்தக் குகைகளுக்குச் செல்லுங்கள். செல்லும்போது இளைஞர் சிலரையேனும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அறியாமையால் கல்வெட்டின் அருகே தம் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்குவோரைத் தடுத்து நிறுத்துங்கள். பழைய எழுத்தின் வடிவங்களைக் கற்பது கடினமன்று. முயன்றால் சில வாரங்களில் கைவரும். ஊராரிடம் வாதிட வேண்டாம், வைய வேண்டாம். அவர்களைக் குகைக்கு அழைத்துப் போய், எழுத்து எழுத்தாகக் கைவைத்துக் காட்டி, "இதோ, உப்பு விற்ற வியகன் பெயர்" என்று படித்துச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பின்னும், பாண்டவர் படுத்தனர் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?