அரேவலோ இளைஞர் நடந்த நகரங்கள்

ஸ்பெயினைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் கி.பி. 1492 சனவரி 2ஆம் நாளோடு முடிந்துவிடுகின்றன. கர்னாத்தாவின் இறுதி மன்னர் அபூ அப்தில்லாஹ் அல்ஹம்ராவின் திறவுகோல்களை ஒப்படைக்கின்றார். மலைச்சரிவில் திரும்பி நோக்கிப் பெருமூச்செறிகின்றார். அன்னையார் இடித்துரைக்கின்றார். அத்துடன் திரை விழுகின்றது. அப்பெருமூச்சும் இடித்துரையும் பின்னாளில் வளர்ந்த கதைகள். அது கிடக்கட்டும். மன்னர் போனார், மக்கள் போகவில்லை. அதன் பின்னரும் நூறாண்டுகளுக்கு மேல் அவர்கள் அம்மண்ணிலேயே வாழ்ந்தனர். அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற வினாவோடுதான் அந்நகரங்களுக்குத் தனியே புறப்பட்டேன்.

சுற்றுலாக் குழுவோடு சென்றால் அல்ஹம்ராவுக்கு இத்தனை மணி, குர்துபாப் பள்ளிக்கு இத்தனை மணி என அளந்து கொடுத்துவிடுவர். தனியே சென்ற எனக்கோ பழைய வழித்துணைவர் ஒருவர் வாய்த்தார். அவரது இயற்பெயரை வரலாறு அறியாது. காஸ்தீல் நாட்டின் அரேவலோ என்னும் சிற்றூரினராதலின் ‘அரேவலோ இளைஞர்’ என்றே வழங்கப்படுகின்றார். இஸ்லாம் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஊரறியக் கிறிஸ்தவராகவும் உள்ளத்தில் முஸ்லிமாகவும் நகர் நகராக அலைந்தவர் அவர். எஞ்சியிருந்த முதியோரைத் தேடிக் கண்டு, அவர்களிடம் கேட்டறிந்தவற்றை எழுதி வைத்தார். ‘தஃப்சீரா’ அவரது நூல்களுள் ஒன்று.

துலைதுலாவில் (இன்றைய தொலேதோ) நான் முதலிற் கண்டது பாபுல் மர்தூம் வாயிலருகே உள்ள சிறு பள்ளிவாசல். ஹிஜ்ரி 390இல் (கி.பி. 999) கட்டி முடிக்கப்பட்டதென்று அதன் முகப்பில் செங்கற்களாலேயே அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டியவர் பெயர் மூஸா இப்னு அலீ. நகரம் 1085இல் கைமாறியது. பள்ளி பின்னர் தேவாலயமாயிற்று. கொத்தனாரின் பெயர் மட்டும் சுவரில் நிற்கின்றது.

குர்துபாப் பெரிய பள்ளியைப் பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகக் கூற ஏதுமில்லை. முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கியதும், இரண்டாம் ஹகம் மிஹ்ராபை அணிசெய்ய பைசாந்தியப் பேரரசர் கைவினைஞரையும் பளிங்குத் துண்டுகளையும் அனுப்பியதும், 1933இல் அல்லாமா இக்பால் அங்கு வந்து நின்றதும் பலரும் எழுதியவையே. தொழுகைக்கு இன்று அங்கு அனுமதி இல்லை. தூண்களினூடே நின்றபோது என் எண்ணம் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியையே சுற்றி வந்தது. குர்துபா 1236இல் வீழ்ந்தது. 1263இல் பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார்: நகரில் வாழும் முஸ்லிம் கொத்தர்களும் தச்சர்களும் ஆண்டுக்கு இரண்டு நாள் இக்கட்டடத்தைப் பழுதுபார்த்துத் தரவேண்டும். தாம் தொழ இயலாத பள்ளியின் உத்தரங்களைத் தாமே செப்பனிட்ட அத்தச்சர்களுக்கும், இன்று நாம் வியந்து நோக்கும் கூரைக்கும் தொடர்பில்லையென எவர் சொல்ல இயலும்? நடுவே 1523இல் தூண்களைப் பெயர்த்துப் பேராலயம் எழுப்பத் தொடங்கியபோது, அதனை எதிர்த்தது குர்துபாவின் கிறிஸ்தவ நகரசபையே என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் சார்லஸ் பேரரசர் அனுமதியளித்ததால்தான் பணி நடந்தது.

இஷ்பீலியாவில் முவஹ்ஹிதுகளின் மினாரா இன்று மணிக்கோபுரமாய் நிற்பதைக் கண்டு, அங்கு அதிகம் தங்காமல் கர்னாத்தாவுக்குப் பயணமானேன்.

அல்ஹம்ராவின் சுவர்தோறும் ‘வலா காலிப இல்லல்லாஹ்’ என்னும் நஸ்ரிகளின் முழக்கம் கொடிபோல் படர்ந்துள்ளது. ஆயினும் கர்னாத்தாவில் என்னை நெடுநேரம் நிறுத்தியது அரண்மனையன்று. கீழே ஊருக்குள் இருக்கும் அரச கல்லறைக் கோயிலின் பலிபீடம். ஃபெர்தினாந்தும் இஸபெல்லாவும் அடங்கியுள்ள அக்கோயிலில், பீடத்தின் அடிப்பகுதியில் மரப் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. ஒன்றில் அபூ அப்தில்லாஹ் நகரை ஒப்படைக்கின்றார். மற்றொன்றில் முஸ்லிம் ஆடவரும் பெண்டிரும் நெருக்கமாய் நிற்க, பாதிரிமார் ஞானஸ்நான நீர் வார்க்கின்றனர். முக்காட்டால் முகம் மூடிய பெண்களைச் சிற்பி அப்படியே செதுக்கியிருக்கின்றார். வென்றவர்கள் தம் பெருமைக்காக வைத்த சிற்பம் அது. நமக்கோ வாக்குமீறலின் சாட்சியம்.

வாக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. 1491 நவம்பரில் கையொப்பமான உடன்படிக்கை, பள்ளிவாசல்களையும் வக்ஃபுகளையும் காழிகளின் தீர்ப்புரிமையையும் காப்பதாகவும், எவரையும் வற்புறுத்தி மதம் மாற்றுவதில்லையென்றும் உறுதியளித்தது. முதற் பேராயர் தாலவேரா வன்முறையை விரும்பாதவர். பாதிரிமாரை அரபு பயிலத் தூண்டியவர். ஆனால் 1499இல் கார்டினல் சிஸ்னேரோஸ் வந்து சேர்ந்தார். கூட்டங் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. அல்பைஸீன் மேட்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அரபு நூல்கள் பாபுர் ரம்லா திடலில் எரியூட்டப்பட்டன. எரிந்தவை ஐயாயிரம் என்பாரும் பத்து இலட்சம் என்பாரும் உளர். நாம் எண்ணைப் பெருக்கிக் காட்ட வேண்டியதில்லை. மருத்துவ நூல்களை மட்டும் பிரித்தெடுத்து அல்காலா கல்விக்கூடத்திற்கு அனுப்பினர் என்னும் செய்தியே போதும்: எரித்தவர் அறியாமல் எரிக்கவில்லை. அத்திடலில் இன்று பூக்கடைகள். 1502இல் காஸ்தீல் முழுவதும் மதமாற்றம் அல்லது வெளியேற்றம் என்ற ஆணை பிறந்தது.

இந்தக் கர்னாத்தாவுக்குத்தான் நம் இளைஞர் வந்தார். எல்விரா வாயிலருகே வாழ்ந்த ஒரு மூதாட்டியைக் கண்டார். ‘உபேதா மூதாட்டி’ என்றே அவரைக் குறிக்கின்றார். தொண்ணூறு வயதைக் கடந்தவர். நகரம் வீழ்ந்தபோது உற்றார் அனைவரையும் இழந்தவர். மார்க்க ஞானத்தில் பலரும் நாடி வந்த பெருமாட்டி. ஆலிம்கள் இல்லாதொழிந்த நகரில் தீன் ஒரு பாட்டியின் நாவில் தங்கியிருந்தது. எல்விரா வாயில் இன்றும் நிற்கின்றது. அதன் வளைவின் கீழ் நின்று, அந்த அம்மையாரின் வீடு எப்பக்கம் இருந்திருக்குமென்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யூஸுஃப் பனேகாஸ் என்னும் பெரியவரையும் இளைஞர் சந்தித்தார். கடந்ததற்காக அன்றி, இனி இளைய தலைமுறை காணவிருப்பதற்காகவே அவர் கண்ணீர் வடித்ததாகத் ‘தஃப்சீரா’ கூறுகின்றது. அவர் அஞ்சியது நடந்தது. 1567இல் அரபு மொழி, உடை, குளியற்கூடம் அனைத்தும் தடுக்கப்பட்டன. அதனையடுத்து அல்புஷர்ராத் மலைகளில் போர் மூண்டது. கர்னாத்தா முஸ்லிம்கள் 1570இல் காஸ்தீல் முழுவதும் சிதறடிக்கப்பட்டனர்.

இவ்வாறு அகப்பட்டவர்களுக்கு மார்க்க அறிஞர்கள் என்ன கூறினர்? ஃபாஸ் நகரின் இமாம் வன்ஷரீஸி, ஹிஜ்ரத் செய்தே தீரவேண்டும் என்றார். கப்பற்கூலி இல்லாதவர் என் செய்வார்? 1504இல் வஹ்ரானைச் சேர்ந்த முஃப்தி இப்னு அபீ ஜும்ஆ வேறுவிதமாக எழுதினார். பகலில் இயலாவிடில் இரவில் தொழுங்கள், சைகையாலேனும் தொழுங்கள், கடலில் நீந்தியேனும் குளிப்பை நிறைவேற்றுங்கள், ஸகாத்தை அன்பளிப்புப் போல் கொடுங்கள், சிலைமுன் வணங்க வைத்தால் நிய்யத்தை அல்லாஹ்வின்பால் வையுங்கள் என்பது அவரது ஃபத்வாவின் சாரம். ஃபாஸ் இமாமின் கண்டிப்பைக் குறைகூற நான் தகுதியுடையவன் அல்லன். ஆயினும் மக்களை ஒரு நூற்றாண்டு தாங்கி நின்றது வஹ்ரான் முஃப்தியின் இரக்கமே எனக் கருதுகின்றேன்.

அந்த ஃபத்வாவை அவர்கள் தம் தாய்மொழியில் பெயர்த்து வைத்திருந்தனர். தாய்மொழி ஸ்பானியம், எழுத்து அரபு. ‘அல்ஹமியாதோ’ எனப்படும் இம்முறையின் பெயர் ‘அல்அஜமிய்யா’ என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது. ஸ்பானியத்தின் ‘ப’ ஒலிக்கு அரபு ‘பா’வின் மேல் ஷத்து இட்டனர். இதைப் படிக்கும் எந்தத் தமிழ் முஸ்லிமுக்கும் அர்வி நினைவுக்கு வராதிராது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் நூல்களை நம் பாட்டிமார் ஓதியது இவ்வாறு அரபு எழுத்தில் அமைந்த தமிழில்தானே. நம்மவர் எவருக்கும் அஞ்சி அதனை எழுதவில்லை. அவர்களுக்கோ அவ்வெழுத்து வீட்டில் இருப்பதே மரண பயம்.

இளைஞரின் வழியில் நான் இறுதியாகச் சென்றது சரகோசா. அங்குள்ள அல்ஜஃபரிய்யா அரண்மனையில் 11ஆம் நூற்றாண்டின் சின்னஞ்சிறு தொழுகையறையும் மிஹ்ராபும் அழியாதுள்ளன. அதே அரண்மனைதான் மதவிசாரணை மன்றத்தின் இருப்பிடமாகவும் இருந்தது; கோபுரத்தில் சிறை. அத்தகைய நகரில் முஸ்லிம்கள் இரகசியமாகக் கூடி, மார்க்க நூலொன்று எழுதித் தருமாறு இளைஞரை வேண்டினர். ஆசானில்லாக் காலத்தில் அவர் கிடைத்ததையெல்லாம் பயன்கொண்டார். தாமஸ் ஆ கெம்பிஸின் கிறிஸ்தவ பக்தி நூலிலிருந்தும் பல பகுதிகளை எடுத்து, இஸ்லாமிய வடிவில் மாற்றித் தந்திருப்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். சிலர் இதனைத் திருட்டென்பர். பசித்தவன் அண்டை வீட்டு அரிசியை வாங்கித் தன் அடுப்பில் சமைத்ததாகவே எனக்குத் தோன்றுகின்றது.

1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர். சரகோசா அடங்கிய அரகோன் நாட்டினரின் முறை 1610இல் வந்தது. அதன் அல்மோனாஸித் என்னும் சிற்றூரில், எவரோ தம் கையெழுத்துப் பிரதிகளைத் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காதிருக்க உப்புக் கல்லும் வைத்து, வீட்டின் பலகைத் தளத்துக்கு அடியில் மறைத்துவைத்தனர். 1884இல் வீட்டை இடித்தபோது அவை வெளிப்பட்டன. மதிப்பறியாதார் கையில் சில கிழிந்தும் எரிந்தும் போயின. எஞ்சியவை இன்று மத்ரீத் நூலகத்தில் உள்ளன. அவற்றுள் ‘தஃப்சீரா’வும் ஒன்று. தாம் ஹஜ்ஜுக்குப் புறப்பட எண்ணியிருப்பதாக இளைஞர் அதில் எழுதியிருக்கின்றார்.