உயர்நிலத்து மூச்சு

பாலமுனைக் கடற்கரையிற் பிறந்தவனுக்கு உயரம் என்றால் முதலில் நினைவில் எழுவது பாவா ஆதம் மலை. 1344இல் இப்னு பதூதா ஏறிய அம்மலை 2,243 மீற்றர். இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகாலை 2,524 மீற்றர். தென்னமெரிக்க அந்தீசு மலைத்தொடரிலுள்ள குஸ்கோ நகரமோ ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தே மக்கள் நெருங்கி வாழும் ஊர். ஆங்குச் செல்ல விழைவோன் கம்பளி தேடுமுன் வரலாற்றை நோக்குதல் நன்று.

குஸ்கோவிலிருந்து ஆண்ட இன்கா மன்னர், குடிகளை இடம்பெயர்க்குங்கால் ஒத்த தட்பவெப்பமுள்ள நிலத்திலேயே அமர்த்த முயன்றனர் என்பர் ஸ்பானிய வரலாற்றாசிரியர். பின்வந்த ஸ்பானியரோ உயரத்தின் கொடுமையைத் தம் உடலாற் கற்றனர். பரியகாகா மலைவழியில் உயிர்போமளவு வாந்தியெடுத்த யேசுசபைத் துறவி ஹோசே தெ அகோஸ்தா, அங்குள்ள காற்று மனித மூச்சுக்கு ஒவ்வாதவாறு மெலிந்தது என 1590இல் எழுதினார். எத்துணைக் கூர்மை! ஒட்சிசன் என்னும் பெயரே அன்றில்லை. அதன் அழுத்தக் குறைவே நோய்க்கு மூலமென பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878இல் நிறுவினார்.

குஸ்கோவிற் காற்றழுத்தம் கடற்கரையினதில் மூன்றில் இருபங்களவே. உடல்வலிமை இதற்குக் காப்பன்று. தோணி வலித்துரமேறிய தோளுடையானும் தலைவலியால் வீழ்வான். முதலிரு நாள் ஓய்வும், நோய் முற்றின் தாமதியாது கீழிறங்கலுமே வழி. விமானத்தில் வந்திறங்குவோர் பலர், ஏறத்தாழ 500 மீற்றர் தாழ்ந்த உருபம்பாப் பள்ளத்தாக்கில் முதலில் தங்குவதும் இதுபற்றியே.