பெருந்தச்சனின் பங்கு

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய மகாசிற்பி யார் என்று வினவுவோருக்கு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின், அப்பெயர் காணப்படும் கல்வெட்டைப் பொறுமையோடு படிப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தி, 200 அடிக்கு மேல் ஓங்கி நிற்கும் அவ்விமானத்தை எழுப்பிய கர்த்தா என்ற விருதாவளி எதுவும் அங்கே இல்லை. 400 தளிச்சேரிப் பெண்டுகளையும், நட்டுவரையும், கணக்கரையும், தையற்காரரையும் வரிசைப்படுத்தி, அவரவர் ஊழியத்துக்கு ஆண்டுதோறும் அளக்க வேண்டிய நெல்லை விதிக்கும் நீண்டதொரு ஜாபிதாவில், தச்சாசாரியம் செய்பவர் என்ற முறையிலேயே அவர் இடம்பெறுகிறார்.

மன்னன் தன் பெயரையே பட்டமாக அளித்தது சாமானியமான கௌரவமன்று என்பது மெய். ஆனால் இராஜராஜப் பெருநாவிசன் என்று அதே பட்டம் பெற்ற நாவிதரும் அக்கோயிற் சாசனத்தில் உண்டு. இதைக் கண்டு கலைஞனுக்குச் சிறுமை நேர்ந்ததாக நான் வருந்துவதில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் 100 கலம் நெல் ஒரு பங்காக ஆண்டுதோறும் அளக்கப்பட்ட அவ்வேற்பாட்டில், நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்போரும் குஞ்சரமல்லனுடன் சேர்க்கப்பட்டிருப்பதை நோக்க, கலசம் ஏறியதோடு தச்சரின் கடமை தீர்ந்துவிட்டதாக அக்காலத்தார் கருதவில்லை என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஊழியம் செய்பவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும். அவர் யோக்கியதை அற்றவராயின் யோக்கியரான வேறொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்றும் அச்சாசனம் நிபந்தனை விதிக்கிறது. குலவழி உரிமைக்கும் திறமை என்றதொரு கடிவாளம் இருந்தது.

மயமதம் முதலிய சிற்ப நூல்கள் ஸ்தபதி, சூத்திரக்ராஹி, வர்த்தகி, தக்ஷகன் என நால்வரை வகுத்து, சூத்திரம் பிடிப்பவன் ஸ்தபதியின் மகனாகவோ சீடனாகவோ இருக்க வேண்டும் என்கின்றன. பாபிலோனிய வேந்தன் ஹம்முராபியின் சட்டமும் மகனை மறக்கவில்லை. வீடு இடிந்து உடையவனின் மகன் மாண்டால், கட்டியவனின் மகனைக் கொல்லுமாறு அது பணித்தது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மராமத்து இலாகா தோன்றியபின் நம் நாட்டில், கட்டிய தச்சரே பின்னரும் பணியில் தொடர்ந்த பழைய ஏற்பாடு வேறாயிற்று. வரைபடம் ஒருவர் கையிலும், வேலை கண்டிராக்டர் கையிலும், பிற்காலப் பழுதுபார்ப்பு மூன்றாமவர் கையிலுமாகப் பொறுப்புப் பிரிந்தது. சென்னைக் கடற்கரையில் 1879-இல் முடிவுற்ற செனட் மாளிகையை அமைத்த ராபர்ட் சிசம், இந்நாட்டுக் கட்டட மரபுகளை ஆர்வத்தோடு பயின்றவர். அவரது திறமையில் எவரும் குறை காண்பதற்கில்லை. எனினும் அவர் பின்னர் பரோடா சென்று, 1881-இல் காலஞ்சென்ற சார்லஸ் மாண்ட் தொடங்கிவைத்த லட்சுமி விலாச அரண்மனையை முடித்துக் கொடுக்கலானார். சென்னையில் அவர் எழுப்பியவற்றின் விரிசலையும் ஒழுக்கையும் கவனிக்கும் வேலை, அவற்றை வரையாதவர்களின் தலையில் விழுந்தது.